வான்வழித் தொலைவும் வாயில்வழித் தொலைவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் நல்ல வழக்கம். இம்முறை செயற்குழுவினர் எம்மிடம், ‘குடும்பங்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேசுங்கள்’ என்று பணித்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு நாட்டின் விமான நிலையத்திற்கும் மற்றொரு நாட்டின் விமான நிலையத்திற்கும் இடையே தொலைவு எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு என்பதே அது. ‘இதற்கும் ஒரு சொற்பொழிவா? கைப்பேசியைத் தட்டினால் விடை வந்துவிடுமே!’ என்று இளைஞர் சிலர் புன்னகை புரிவது எமக்குத் தெரிகிறது. அந்தப் புன்னகையை யாமும் ஒரு காலத்தில் புரிந்தவர்தாம். கைப்பேசி தந்த விடையை நம்பி எம் குடும்பம் செய்த பிழையொன்று உண்டு. அதனை மறைக்காமல் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தமையனார் காலமானார். காலை ஒன்பதரை மணி. அவருக்கு இரண்டு மக்கள். இளையவன் இங்கேயே இருக்கிறான். மூத்தவன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் துறையில் வேலை பார்க்கிறான். அவனுக்குச் செய்தி போயிற்று. வீட்டு வாயிலில் கூடியவர்கள், ‘மூத்த பிள்ளை எப்போது வருவான்? எப்போது எடுப்பது?’ என்று எம்மைக் கேட்டனர். பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் நாலரை மணி நேரம் என்பது எமக்குத் தெரியும். கையில் இருந்த கருவியும் அதையே சொல்லிற்று. ஒன்பதரையோடு நாலரையைக் கூட்டினால் பகல் இரண்டு மணி; முன்னே பின்னே மூன்று மணி நேரம் சேர்த்துக்கொள்வோம் என்று எண்ணி, ‘மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடுவான்; ஆறு மணிக்கு எடுக்கலாம்’ என்று சொன்னோம்.

சொல் கிளம்பிவிட்டது. கோலார் தங்கவயலிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் உறவினர் புறப்பட்டு வந்தனர். இரவு வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் அவர்கள். கல்பள்ளி மயானத்தில் ஆறு மணிக்குச் சொல்லியாயிற்று. வண்டி பேசியாயிற்று; பூப்பல்லக்குக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

பகல் ஒன்றரை மணிக்கு மூத்தவன் பேசினான். வேலைத்தளத்திலிருந்து அறைக்குச் சென்று கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு புறப்படவே நேரம் ஆகிவிட்டதென்றும், பகல் விமானத்தில் இடமில்லை என்றும், இரவு எட்டரை மணி விமானத்தில் இடம் கிடைத்திருப்பதாகவும், பத்தரை மணிக்குப் பெங்களூரில் இறங்கிவிடுவதாகவும் சொன்னான். அப்போதாவது யாம் வாயிலுக்கு வந்து, ‘நாம் சொன்ன கணக்குத் தவறு, நாளைக் காலை எடுப்போம்’ என்று சொல்லியிருக்கலாம். வந்திருந்த பெரியவர்களின் முகத்தைப் பார்த்தோம்; சொல்லத் துணிவு வரவில்லை. ‘சொன்ன நேரத்திற்கு எடுத்துவிடுவதுதான் முறை, இரவு வைத்திருக்கலாகாது’ என்றனர் சிலர். ஆறு மணிக்கு இளையவன் கொள்ளிச் சட்டியை ஏந்தினான்.

சிங்கப்பூரில் எட்டரை மணி என்றால் நமக்கு மாலை ஆறு மணி. இங்கே எம் தமையனாரை வாயிலிலிருந்து எடுத்த அதே நேரத்தில், அங்கே மகன் விமானத்தில் அமர்ந்து, விதிப்படி கைப்பேசியை அடக்கி வைத்தான். ஆகவே அந்தக் காட்சியைத் திரையில் பார்க்கும் பேறும் அவனுக்கு வாய்க்கவில்லை. நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணிக்கு அவன் வாயிலில் வந்து நின்றான். கழுவிவிட்ட முற்றத்தையும் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் பார்த்தான். ‘சித்தப்பா, ஆறரை மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அதற்கு விடை கூற எம்மால் இயலவில்லை. இன்றும் இயலவில்லை.

அன்பர்களே! அவன் தாமதமாக வரவில்லை. கிடைத்த முதல் விமானத்தில் வந்தான். யாம் குறித்த நேரந்தான் தவறு. தொடக்கத்திலேயே ‘நள்ளிரவு ஆகும்’ என்று சொல்லியிருந்தால், அதே பெரியவர்கள் ‘அப்படியானால் காலையில் எடுப்போம்’ என்று இசைந்திருப்பார்கள். குளிர்பெட்டிக்கு ஏற்பாடு செய்திருப்பார்கள். பிழையான ஓர் எண் ஒரு மகனிடமிருந்து தந்தையின் முகத்தைப் பறித்துவிட்டது. இந்த எண் எங்கிருந்து வந்தது, அதில் என்ன அடங்கியிருக்கிறது, என்ன அடங்கவில்லை என்பதை அதன் பின்னரே யாம் கற்றுக்கொண்டோம். அதனையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் தொலைவு. பூமி உருண்டை, அதன் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனை 360 பாகையாகப் பகுத்தால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் வரும். இவ்வொரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், பள்ளிப் பிள்ளைகளும் நிலப்படத்தைக் கொண்டு சில தொலைவுகளைத் தாமே கண்டுவிடலாம். எடுத்துக்காட்டாக, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வட அகலக்கோட்டில் ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையம் ஏறத்தாழ 9.8 பாகையில் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுக்கோட்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. வேறுபாடு 3.2 பாகை. அதனை 111 ஆல் பெருக்கினால் 355 கிலோமீட்டர். இவ்வளவே இரண்டு நிலையங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு.

ஒரே நெடுக்கோட்டில் அமையாத ஊர்களுக்கு இந்த எளிய பெருக்கல் போதாது. பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். அந்த நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழி. அவ்வாறு அளந்தால், பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி நிலையம் ஏறத்தாழ 3,180 கிலோமீட்டர். விமானம் இந்த நூலின்மேலேயே பறப்பதில்லை; வகுத்து வைத்த வான்பாதைகளின் வழியே வளைந்து செல்லும். ஆதலால் உண்மையில் பறக்கும் தொலைவு இன்னும் சற்றுக் கூடுதலாகும்.

இரண்டாவது, பறக்கும் நேரம். பெரிய விமானம் ஒன்று உயரத்தில் சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் செல்லும் என்று கொள்வோம். 3,180 ஐ 850 ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் மணி நேரந்தான் வருகிறது. ஆனால் பயணச்சீட்டு நாலரை மணி என்கிறது. எஞ்சிய முக்கால் மணி எங்கே போயிற்று? விமானம் நிற்குமிடத்தில் சக்கரம் உருளாதிருக்க முட்டுக்கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நேரம் முதல், அடுத்த ஊரில் மீண்டும் கட்டை வைக்கும் நேரம் வரை உள்ளதையே விமானக் குழுமத்தார் பயண நேரமாகக் கணக்கிடுகின்றனர். அதற்குள் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும்; வரிசையில் நிற்க வேண்டும்; மெல்ல மேலேற வேண்டும்; இறங்குமுன் சில வேளை வானத்திலேயே வட்டமிட வேண்டும். எதிர்க்காற்று வீசினால் நேரம் நீளும். பின்காற்று வீசினால் குறுகும். இவற்றையெல்லாம் உள்ளடக்கியதே அந்த நாலரை மணி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தொலைவு குறையக் குறைய, இத்தகைய ஊர்தலும் காத்தலும் பயணத்தில் பெரும் பங்காகிவிடும். சென்னை–பலாலி வழியில் 2019 இல் பறக்கத் தொடங்கியவை காற்றாடி பூட்டிய சிறு விமானங்கள். மணிக்கு 500 கிலோமீட்டர் என்று கொண்டால், 355 கிலோமீட்டருக்கு முக்கால் மணிகூட வேண்டாம். ஆயினும் அட்டவணையில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை குறித்திருப்பார்கள். ஆகவே தொலைவை வேகத்தால் வகுத்துப் பார்ப்பது பள்ளிக்கூடக் கணக்குக்குச் சரி. வீட்டுக் கணக்குக்குப் போதாது.

மூன்றாவது, கடிகாரத்தின் மயக்கம். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும். பெங்களூரில் இரவு பதினொரு மணிக்கு ஏறுகிறவர் சிங்கப்பூரில் காலை ஆறு மணிக்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், பார்ப்பவர் ‘ஏழு மணி நேரப் பயணம்’ என்பார். எம் மூத்தவன் வந்தது போல அங்கே இரவு எட்டரைக்கு ஏறி இங்கே பத்தரைக்கு இறங்கினால், ‘இரண்டு மணி நேரந்தானே!’ என்று தோன்றும். இரண்டும் பொய்த்தோற்றம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. போகும்போது ஏழிலிருந்து இரண்டரையைக் கழியுங்கள்; வரும்போது இரண்டோடு இரண்டரையைக் கூட்டுங்கள். இருவழியிலும் நாலரையே வரும்.

நம் முதியோருள் சிலர், ‘எங்கள் காலத்தில் இரண்டு மணி வேறுபாடுதான் இருந்தது’ என்று வாதிடக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வதும் மெய்யே. 1982 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் மலேசியத் தீபகற்பமும் அதனைத் தொடர்ந்து சிங்கப்பூரும் தத்தம் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தன. அன்றிலிருந்தே இரண்டு இரண்டரையாயிற்று. இலங்கையும் 1996 இல் தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தி, 2006 ஏப்ரலில் மீண்டும் நம் நேரத்திற்கே திரும்பியது. ஆகவே கடிகார வேறுபாடு என்பதும் மனிதர் வகுத்த ஏற்பாடே, அதுவும் மாறக்கூடியது.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரியது. அதனை யாம் ‘வாயில்வழி நேரம்’ என்று சொல்ல விரும்புகிறோம். ஒரு வீட்டின் வாயிலிலிருந்து மற்றொரு வீட்டின் வாயில் வரை ஆகும் நேரம் அது. எந்தச் சீட்டிலும் இது அச்சிடப்படுவதில்லை. எம் மூத்தவனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது முதல் அவன் எம் வாயிலை மிதித்தது வரை பதினைந்து மணி நேரம். அதில் விமானத்துக்குரியது நாலரை. மற்றப் பத்தரை மணி நேரமும் நிலத்தில் கழிந்தது. கடவுச்சீட்டை எடுக்க, இடம் தேட, நிலையம் சேர, முன்கூட்டியே பெட்டியை ஒப்படைக்க, அடுத்த விமானத்திற்குக் காத்திருக்க, இறங்கியபின் குடியேற்றச் சோதனையில் வரிசையில் நிற்க, பின்னர் தேவனஹள்ளியிலிருந்து நம் பகுதிக்கு வந்து சேர என்று அது சிதறிப்போயிற்று.

இந்த வாயில்வழி நேரம் நம் மர்பி டவுன் மக்களுக்கு எவ்வாறு மாறியது என்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். 1940 இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பெங்களூரில் தொடங்கப்பெற்றது. அதனை ஒட்டிய நிலையமே நெடுங்காலம் இந்நகரின் விமான நிலையமாக இருந்தது. நம் வீடுகளிலிருந்து அது ஆறேழு கிலோமீட்டர்தான். அயல்நாடு செல்பவரை வழியனுப்பச் சென்றவர்கள் ஆட்டோவில் போய், வீட்டு அடுப்பில் வைத்த சோறு வடிப்பதற்குள் திரும்பிவிட்டதாக வேடிக்கையாய்ச் சொல்வதுண்டு. 2008 மே மாதத்தில் பயணிகள் விமானங்கள் அனைத்தும் தேவனஹள்ளிக்கு மாறின. 2013 இல் அந்நிலையம் கெம்பேகௌடா பெயரைப் பெற்றது. நம் பகுதியிலிருந்து சாலை வழியே அது முப்பது கிலோமீட்டருக்கும் மேல். சிங்கப்பூர் ஓர் அடியும் நகரவில்லை. ஆனால் நமக்கு அது ஒரு மணி நேரத்திற்கு மேல் தள்ளிப் போய்விட்டது. மாலை வேளையில் எப்பாலைத் தாண்டுவதற்குள் விமானமே பறந்துவிடுமோ என்று அஞ்சியவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள்.

இதுவரை ஒரு வீட்டின் பிழையையும் ஒரு நகரின் மாற்றத்தையும் பார்த்தோம். வாயில் என்பது வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நாட்டுக்கும் வாயில் உண்டு. அது மூடிக்கொண்டால் தொலைவு என்னவாகும் என்பதற்குப் பலாலியே சான்று. சற்று முன் 355 கிலோமீட்டர் என்று பெருக்கிக் கண்டோமே, அந்த நிலையத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுகிறோம்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய வான்படையினர் பலாலியில் ஓடுபாதை அமைத்தனர். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு விட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தார்க்குச் சென்னை அயலூர் போலவே இருந்தது. விமானத்திற்குப் பொருள் இல்லாதோர்க்கு 1914 முதல் ‘போட் மெயில்’ இருந்தது. எழும்பூரில் இரயிலேறித் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் இரயிலேறலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980களில் நின்றது. உள்நாட்டுப் போர் மூண்டபின் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பயணிகள் விமானமும் இல்லாது போயிற்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாயில் அடைத்தே கிடந்தது.

அந்நாட்களில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர் என்ன செய்தார்? சென்னையிலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா நிலையத்திற்குப் பறந்தார். அது ஏறத்தாழ 650 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கு நோக்கிச் சாலையில் 400 கிலோமீட்டர் அளவு திரும்பிச் செல்ல வேண்டும். போர்க்காலத்தில் அந்தச் சாலையும் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. நிலப்படத்தை எடுத்துச் சென்னைக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே ஒரு கோடு வரைந்து பாருங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே செல்லும்! தாய் வாழும் ஊரைக் கடந்து தெற்கே சென்று இறங்கி, மீண்டும் தாயைத் தேடி வடக்கே வரவேண்டியிருந்தது. 355 கிலோமீட்டர் ஆயிரத்துக்கும் மேலாயிற்று; ஒன்றரை மணி நேரம் இரண்டு நாளும் ஆகலாம், வாராமலே போதலும் கூடும் என்னும் நிலையாயிற்று. பூமியின் உருண்டை அப்படியேதான் இருந்தது. மனிதர்கள் வைத்த பூட்டே தொலைவை நீட்டியது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் ஒழுங்காகச் செல்லத் தொடங்கியது. நான்கு மாதம் சென்றது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து வாயிலை மீண்டும் அடைத்தது. 2022 டிசம்பரில் மறுபடி திறந்தது. 2025 மார்ச்சு இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பலாலிக்கு விமானம் விடப்பெற்றது. அந்த இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு 190 கிலோமீட்டர்கூட இல்லை. நம் பெங்களூரிலிருந்து சேலம் செல்வதற்குக்கூட அதைவிடச் சற்று மிகுதியான தொலைவு சாலையில் செல்ல வேண்டியிருக்கிறது! நாற்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் காணாத உடன்பிறந்தார்க்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றுமா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். நம் பாட்டன்மார் காலத்தில் விமானம் ஏது? சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்கள் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. அவர்கள் இத்தகைய துயரை எவ்வாறு தாங்கினர்? எமக்குத் தோன்றுவது இது. அன்று இறந்தவரின் உடலை வைத்துக்கொண்டு மலாயாவிலிருந்து மகன் வருவான் என்று யாரும் காத்திருக்கவில்லை. வர இயலாது என்பது இரு பக்கத்தார்க்கும் தெரியும். கப்பலேறும்போதே தாய் மகனை முழுமையாக வழியனுப்பிவிட்டாள். அந்தக் கண்ணீரில் எல்லாம் அடங்கியிருந்தது. இன்று செய்தி கணப்பொழுதில் செல்கிறது; குரலும் முகமும் கணப்பொழுதில் வருகின்றன. உடல் மட்டும் பதினைந்து மணி நேரம் கழித்தே வருகிறது. ‘நாலரை மணிதானே’ என்னும் எண்ணத்தால் யாரும் யாரையும் முழுமையாக வழியனுப்புவதில்லை. ‘நினைத்தால் வந்துவிடலாம்’ என்று பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறோம். விமானம் தொலைவைக் குறைத்தது உண்மை. அதனோடு நம் முன்யோசனையையும் குறைத்துவிட்டது என்பதே எமது வருத்தம்.

எனவே, சங்கத்து அன்பர்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். இவை அறிவுரை அல்ல. பிழை செய்தவர் மற்றவரை எச்சரிப்பது போன்றவையே.

அயல்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வோர் இல்லத்திலும், கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். அந்த ஊருக்கும் நமக்கும் கடிகார வேறுபாடு எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை விமானம், கடைசி விமானம் எத்தனை மணிக்கு, நேர் விமானம் இல்லையேல் எங்கே மாற வேண்டும், வாயிலிலிருந்து வாயிலுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் என்பனவற்றை எழுதி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை பொங்கலின்போது அதனைத் திருத்திக்கொள்ளுங்கள். விமான அட்டவணைகள் மாறிக்கொண்டே இருப்பவை.

கடவுச்சீட்டு காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆறு மாத காலமாவது அதற்கு ஆயுள் எஞ்சியிருந்தால்தான் பல நாடுகள் உள்ளே விடும். முதியவரான நீங்களும் ஒரு கடவுச்சீட்டு எடுத்து வையுங்கள். பிள்ளையே வர வேண்டும் என்பதில்லை. பிள்ளைக்கு ஒரு நோய் வந்தால் நாம் போக வேண்டிவரும். சீட்டில்லாதவர்க்கு எந்த நாடும் எட்டாத நாடே.

துயரம் நேர்ந்த வீட்டில் ‘எப்போது எடுப்பது?’ என்று கேட்கும் பெரியவர்களே! அயல்நாட்டுப் பிள்ளையின் சீட்டு உறுதியாகும் வரை நேரத்தைக் குறிக்காதீர்கள். குறித்துவிட்ட நேரம் தவறென்று தெரிந்தால், அதனை மாற்றச் சொல்லும் துணிவை வீட்டாருக்கு நீங்களே கொடுங்கள். அவர்கள் துயரில் இருப்பவர்கள். கூட்டத்தின் முகத்தைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். யாம் அப்படிப் போனோம். அன்று எவரேனும் ஒருவர், ‘பிள்ளை வரட்டும், காலையில் பார்ப்போம்’ என்று சொல்லியிருந்தால், எம் தமையன் மகன் தன் தந்தையின் பாதங்களைத் தொட்டிருப்பான். அந்த ஒருவராக இனி இச்சங்கம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம் இளைஞர்கள் நான்கு பேர் கூடிச் சீட்டுக் கணக்கையும் நேரக் கணக்கையும் பார்த்துச் சொன்னால், அது எந்தப் பொன்னாடையினும் மேலான தொண்டாகும்.

கடைசியாக ஒன்று. நாலரை மணி நேரத் தொலைவில் இருக்கும் மகனைத் துயரத்திற்காக மட்டும் அழைக்காதீர்கள். தாய் நலமாக இருக்கும்போது, அவள் கையால் சோறு போட வல்லவளாக இருக்கும்போது ஒரு முறை வந்து போகச் சொல்லுங்கள். அவனால் வர இயலாதெனில் நீங்கள் போய் வாருங்கள். எம் தமையனார் சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. ‘அடுத்த ஆண்டு போகலாம்’ என்று ஏழு ஆண்டுகள் சொன்னார். கடவுச்சீட்டு எடுத்து அலமாரியில் வைத்திருந்தார். அதில் ஒரு முத்திரையும் விழாமல், அட்டை புதிதாகவே இருக்கிறது.

எம் மூத்தவன் இப்போது ஆண்டுக்கு ஒரு முறை, தந்தையின் நினைவு நாளுக்கு வருகிறான். வரும்போதெல்லாம் முன்னதாகவே எமக்குச் சேரும் நேரத்தைச் சொல்லுகிறான். விமானம் இறங்கும் நேரத்தை அவன் சொல்வதில்லை. ‘சித்தப்பா, வீட்டு வாசலுக்கு இத்தனை மணிக்கு வருவேன்’ என்றே சொல்லுகிறான். அவன் சொன்ன நேரம் வரை யாம் வாயில் விளக்கை அணைப்பதில்லை.